பொதுப் பெட்டியும் தனிச் சாவியும்

(கீழ்க்கட்டளையில் கூடிய நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று எனக்கு இடப்பட்டிருக்கும் விஷயம், ஒரு காரியாலயத்தில் வேலை பார்ப்போர் பலர் ஒரே மின்னஞ்சற் பெட்டியைப் பகிர்ந்து கொள்ளுவதைப் பற்றியது. சென்ற கூட்டத்தில் பெரியபுராணத்தைக் கேட்டு உள்ளம் குளிர்ந்து சென்ற உங்களுக்கு இது வறண்ட விஷயமாகத் தோன்றக்கூடும். காரியதரிசி அவர்கள் இதைச் சொன்னபோது எனக்கும் அவ்வாறே தோன்றிற்று. ஆயினும் யோசித்துப் பார்க்குமிடத்து, நம்மவர் வீடுகளில் இன்று காலை எட்டு மணிக்கு எத்தனை பிள்ளைகளும் பெண்களும் துரைப்பாக்கம் நோக்கி ரேடியல் ரோட்டில் பஸ் ஏறுகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்கள் போய் உட்காருமிடத்தில் முதலில் திறப்பது இந்தப் பெட்டியைத்தான். கடை வைத்திருப்போர், பட்டறை வைத்திருப்போர் இல்லங்களிலும் இதே கதை. ஆகவே இது நம் வயிற்றுப்பாட்டைச் சேர்ந்த விஷயம். சிலருடைய மானத்தையும் சேர்ந்தது. அது எவ்வாறென்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

காரியாலயத்துக்கு வரும் கடிதம் காரியாலயத்தின் சொத்து. அதை ஒருவர் மட்டும் பார்க்கக்கூடும் என்று வைத்தால், அவர் காய்ச்சலாய்ப் படுத்த அன்றே வேலை நின்றுவிடும். "விற்பனைப் பிரிவு", "கணக்குப் பிரிவு" என்று ஒரு முகவரியை ஊருக்கு அறிவித்துவிட்டு, அதைப் பலர் கூடிக் கவனிப்பதே நியாயம். இதில் எனக்கு ஆட்சேபமில்லை. பெட்டி பொதுவாக இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் செய்வது என்ன? பெட்டியைப் பொதுவாக்குவதாக எண்ணிக்கொண்டு சாவியைப் பொதுவாக்கி விடுகிறோம். ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேருக்குச் சொல்லி விடுகிறோம். அது மேஜைக் கண்ணாடியின் கீழே ஒரு துண்டுக் காகிதத்தில் கிடக்கும். இல்லாவிடில் வாட்ஸப்பில் உலவும். நான் பேச வந்தது இந்த ஒரு பிழையைப் பற்றியே.

இதற்கு உபமானம் தேடி நான் தூரம் போக வேண்டியதில்லை. நம் ஊர் ஏரி இருக்கிறது. கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் மிகைநீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகும். அங்கிருந்து பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். இப்பொழுது ஏரியைச் சுற்றி நெல்வயலைக் காணோம். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி ஏற்பட்டபின் நாம் பட்டணவாசிகளாகவும் ஆகிவிட்டோம். எனினும் செங்கற்பட்டுச் சீமையின் ஏரிப்பாசனக் கிராமங்களில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்ததை முதியவர்கள் அறிவார்கள். ஏரி நீர் ஊருக்கெல்லாம் பொது. மதகைத் திறக்கவும் மூடவும் மாத்திரம் நீர்க்கட்டிக்கே அதிகாரம். எவ்வளவு பெரிய மிராசுதாரரானாலும் தாமே போய் மதகில் கை வைக்க மாட்டார். நீர்க்கட்டி பெரும்பாலும் நிலமற்றவர். ஆகவே இன்ன வயலுக்கு அதிகம் பாய வேண்டுமென்ற ஆசை அவருக்கில்லை. அறுவடைக் காலத்தில் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள். நேற்றிரவு மதகைத் திறந்தவர் யார் என்ற கேள்வி எழுந்தால் அதற்கு விடை ஒன்றே உண்டு. அந்த விடை இருந்தபடியால் சண்டை குறைந்தது. மதகின் திறவுகோலை ஊரார் எல்லாரிடமும் கொடுத்திருந்தால் கடைமடைக்காரனுக்கு என்ன கிடைத்திருக்கும்?

காகிதக் காலத்திலும் இந்த ஒழுங்கு இருந்தது. மதராஸ் ராஜதானியின் கலெக்டர் கச்சேரிகளில் டாட்டன்ஹாம் முறை என்று பெயர் பெற்ற அலுவலக நடைமுறை வழங்கி வந்தது; அதன் சாயலை இன்றும் நம் சர்க்கார் அலுவலகங்களில் காணலாம். கடிதம் கலெக்டர் பெயருக்கு வரும். கலெக்டர் எல்லாவற்றையும் தாமே படிப்பதில்லை. தபால் குமாஸ்தா உறையைப் பிரிப்பார். தேதி முத்திரை குத்துவார். எண் கொடுத்து, உரிய பிரிவுக்கு அனுப்புவார். அங்கே அது ஒரு குமாஸ்தாவின் தன் பதிவேட்டில் ஏறும். அந்த வரியில் ஏறிய கணத்திலிருந்து அக்கடிதத்துக்கு ஒரு சொந்தக்காரர் ஏற்பட்டுவிட்டார். அவர் என்ன செய்தார், எவருக்கு எழுதினார், எந்தத் தேதியில் நினைவூட்டு அனுப்பினார் என்பதெல்லாம் அதே வரியில் இருக்கும். மேலதிகாரி குறித்த காலத்தில் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பார். இம்முறையில் தாமதம் உண்டு. சிவப்பு நாடா என்று நாம் ஏசுவதும் இதைத்தான். ஆனால், "இந்தக் கடிதம் யார் கையில் இருக்கிறது?" என்று கேட்டால் பெயர் சொல்லிவிடலாம். பெயர் சொல்ல முடியாத நிலை நம் மின்னஞ்சற் காலத்தில்தான் வந்தது.

அது வந்த வரலாறு சுவையானது. ஒரே கணிப்பொறியைப் பலர் உபயோகிக்க வேண்டி வந்தபோதுதான் கடவுச்சொல் என்பதே அதில் நுழைந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விச்சாலையில் பெர்னாண்டோ கொர்பட்டோ என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 1961-ல் ஒரு பொது யந்திரத்தை ஏற்படுத்தினார்கள். ஒருவர் வைத்த ஏடுகளை மற்றொருவர் பார்த்துவிடக் கூடாதென்று ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள். மறுவருஷமே ஆலன் ஷெர் என்ற மாணவர், தமக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லையென்று, கடவுச்சொற்களின் பட்டியலையே அச்சிட்டு எடுத்துக்கொண்டு பிறர் நேரத்தில் வேலை செய்தாராம்! சாவி பிறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷமே கள்ளச் சாவியும் பிறந்துவிட்டது. 1965-ல் அதே யந்திரத்தில் ஒருவர் பெட்டியில் மற்றொருவர் கடிதம் போடும் ஏற்பாடு உண்டாயிற்று. 1971-ல் ரே டாம்லின்சன் என்பவர் ஒரு யந்திரத்திலிருந்து வேறு யந்திரத்துக்குக் கடிதம் அனுப்பி, ஆள் பெயருக்கும் இடத்தின் பெயருக்கும் நடுவே இன்று நாம் போடும் அந்தச் சுழிக் குறியையும் வைத்தார்.

பொதுவைத் தனித்தனியாகக் காப்பதற்குத் தோன்றியது கடவுச்சொல். நம் நாட்டில் 1995 ஆகஸ்டு 15-ந் தேதி வி.எஸ்.என்.எல். மூலமாகப் பொதுஜனங்களுக்கு இன்டர்நெட் திறந்துவிடப்பட்டபோது நிலைமை வேறாயிருந்தது. காரியாலயத்துக்கு ஒரு டெலிபோன் கம்பி. அதில் ஒரு கணிப்பொறி. அதற்கு ஒரு முகவரி. முதலாளியும் குமாஸ்தாவும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து தபால் பார்த்தார்கள். கம்பி ஒன்றாயிருந்தபடியால் சாவியும் ஒன்றாயிருந்தது. கம்பியின் பஞ்சம் தீர்ந்து வெகு காலமாயிற்று. அப்போது பற்றிய பழக்கம் மட்டும் தீரவில்லை.

இனி, என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த ஸ்தாபனம் என்று கேட்காதீர்கள். அது இப்பொழுது வேண்டியதில்லை.

நான் ஒரு வியாபார ஸ்தாபனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். விலைப்பட்டியல் அனுப்புவதற்கென்று ஒரு முகவரி. எங்களில் ஐவருக்கு ஒரே கடவுச்சொல். புதிதாக ஒரு பெண் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமாகியிருந்தது. தகப்பனார் தையற்கடை வைத்திருந்தவர். வீட்டில் முதன்முதல் காரியாலய வாசற்படி மிதித்தவள் அப்பெண். ஒரு நாள் மத்தியானம், ஒரு வாடிக்கைக்காரருக்கென்று குறைத்துப் போட்ட விலைப்பட்டியல் மற்றொரு வாடிக்கைக்காரருக்குப் போய்விட்டது. அவர் டெலிபோனில் கூப்பிட்டு மானேஜரைக் கேட்ட கேள்விகளை நான் இங்கே சொல்லலாகாது.

அனுப்பியவர் யார் என்று விசாரணை நடந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால் "விலைப்பிரிவு" அனுப்பியதாக இருக்கிறது. விலைப்பிரிவு என்றால் ஐவரும். அன்று மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அப்பெண்ணின் யந்திரத்தில் அவளன்றி இருவர் உட்கார்ந்தோம். அவ்விருவரில் ஒருவன் நான். நான் அதை அனுப்பவில்லை என்பதை நான் அறிவேன். ஆனால் எனக்கு அதை நிரூபிக்க வழியில்லை. அவள் அனுப்பினாள் என்று நிரூபிக்கவும் எவருக்கும் வழியில்லை. ஆயினும் யந்திரம் அவளுடையது, அவள் புதியவள், வாதாடத் தெரியாதவள். வேலையை ராஜினாமாச் செய்து விடும்படி சொன்னார்கள். மறுநாள் அவள் தகப்பனார் வந்து, வரவேற்பு மேஜையருகே நின்றபடியே காகிதத்தை வாங்கிக்கொண்டு போனார். என்னைப் பார்த்து, "நீங்க பெரியவங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. விசாரணையின்போது, "அந்த யந்திரத்தில் நானும் உட்கார்ந்தேன்" என்று சொல்லியிருந்தால் போதும். சந்தேகம் மூவரிடத்தும் சமமாகப் பரவி, அவள் ஒருத்தி மீது விழாதிருந்திருக்கும். எனக்கு அப்பொழுது வீட்டுக் கடன் இருந்தது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணங்கள் எப்பொழுதும் கைவசம் இருக்கத்தான் செய்கின்றன.

பொதுச் சாவி உள்ள இடத்தில் குற்றம் பொதுவில் நிற்பதில்லை. அது கீழ்நோக்கி ஓடி, எவன் மிகவும் எளியவனோ அவன் காலடியில் போய்த் தேங்குகிறது. நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் இன்னும் அந்தக் கடைசி நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் இதைச் சற்று விரித்துச் சொன்னேன்.

சட்டம் என்ன சொல்லுகிறதென்று பார்ப்போம். 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11-ம் பிரிவின்படி, ஒருவர் தாமே அனுப்பியதும், அவர் சார்பில் அதிகாரம் பெற்ற மற்றொருவர் அனுப்பியதும் அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும். அதே சட்டத்தின் 13-ம் பிரிவின்படி, இன்ன முகவரிக்கு அனுப்புக என்று நீங்கள் குறித்துக் கொடுத்திருந்தால், கடிதம் அப்பெட்டிக்குள் நுழைந்த நேரமே உங்களுக்குக் கிடைத்த நேரம். திறந்தீர்களா, படித்தீர்களா என்பது வேறு. பிறருடைய கடவுச்சொல்லை வஞ்சகமாகவோ நேர்மையின்றியோ உபயோகிப்பதற்கு 66-சி பிரிவு மூன்று வருஷம் வரை சிறைவாசமும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஆனால் சாவியை ஐவருக்கு நாமே கொடுத்துவிட்ட பிறகு, அவர்களில் வஞ்சகமாகத் திறந்தவர் எவர் என்று போலீஸ்காரர் எதைக் கொண்டு காண்பார்?

கடைக்காரர்கள் இதைக் கவனமாய்க் கேட்க வேண்டும். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. நடப்பில் இருக்கிறது. பதிவு செய்யும்பொழுது ஒரு மின்னஞ்சல் முகவரியும் கைப்பேசி எண்ணும் கேட்பார்கள். நம்மவர் பலர், "எனக்கு அதெல்லாம் தெரியாது, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று கணக்கெழுதுபவரிடம் விட்டுவிடுகிறார்கள். அவரும் தம் முகவரியையே போட்டுவிடுகிறார். அவருக்கோ ஐம்பது கடை; ஐம்பதுக்கும் ஒரே பெட்டி; அதைத் திறக்க மூன்று பையன்கள். ஒரு பையன் நோட்டீசைத் திறந்து பார்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறான். திறந்த கடிதம் திறந்ததாகவே மற்ற இருவருக்கும் தெரியும். "அவன் பார்த்திருப்பான்" என்று இவனும், "இவன் பார்ப்பான்" என்று அவனும் இருந்துவிட, முப்பது நாள் கழிந்துபோகும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-ம் பிரிவு, பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்கு அனுப்பினாலும், பொதுத் தளத்தில் ஏற்றி வைத்தாலும் நோட்டீசு சார்வு செய்ததாகும் என்கிறது. பிறகு உங்களைக் கேளாமலே உத்தரவு பிறக்கும். மேல்முறையீட்டுக்கு மூன்று மாதம். அதற்கும் தகராறிலுள்ள வரியில் பத்தில் ஒரு பங்கைக் கட்டிவிட்டே வாசலில் நிற்க வேண்டும். நோட்டீசு வந்ததே தெரியாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தை நாடிய சிறு வியாபாரிகள் அநேகர். ஒரு பகுதித் தொகையைக் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்கும்படி நீதிமன்றம் பல வழக்குகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. ஆகவே முகவரி உங்களுடையதாக இருக்கட்டும். கணக்கரைப் பார்க்க மட்டும் அனுமதியுங்கள். கணக்கரை மாற்றினால் அனுமதியை எடுத்துவிடலாம். முகவரியை எடுத்துக்கொண்டு அவர் போய்விட மாட்டார்.

பெரிய இடங்களிலும் இந்நோய் உண்டு. 2018 பிப்ரவரியில் பம்பாயில் பஞ்சாப் நேஷனல் வங்கியின் பிராடி ஹவுஸ் கிளையைப் பற்றிய செய்தி வெளியாயிற்று. சேதம் பதின்மூவாயிரம் கோடிக்கு மேல் என்று பின்னர்க் கணக்கிட்டார்கள். வங்கியின் செய்தி அனுப்பும் யந்திரத்துக்குரிய கடவுச்சொற்கள் வெளியார் கைக்குப் போயின என்பது புலனாய்வாளர் சாட்டிய குற்றங்களில் ஒன்று. 2023 டிசம்பர் 8-ந் தேதி மஹுவா மொய்த்ரா என்னும் அம்மையார் லோக்சபையினின்று நீக்கப்பட்டதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, சபையின் இணையதளத்துக்குரிய தம் கடவுச்சொல்லை வெளியார் ஒருவருக்குக் கொடுத்தது. கேள்விகளை அச்சடித்து ஏற்றவே கொடுத்ததாக அவர் சொன்னார். அடுத்த வருஷம் ஜனங்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தும் விட்டார்கள். அரசியல் நியாயம் எப்பக்கம் என்பது நம் சங்கத்தின் வேலையன்று. ஒரு கடவுச்சொல் இவ்வளவு பாரம் சுமக்கும் என்பதைக் காட்டவே இவ்விரண்டையும் சொன்னேன்.

அப்படியானால் பெட்டியை எவ்வாறு பகிர்வது? வழி இருக்கிறது, பெரும்பாலும் செலவுகூட இல்லை. மைக்ரோசாப்ட் கம்பெனியின் மின்னஞ்சலை உபயோகிக்கும் காரியாலயங்களில் பகிர்வுப் பெட்டி என்றே தனியாக ஒன்று உண்டு. ஐம்பது ஜி.பி. அளவு வரை அதற்குத் தனிக் கட்டணமில்லை. அதற்கென்று ஒரு கடவுச்சொல்லை எவரும் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அவரவர் தம் சொந்தச் சாவியால் தம் பெட்டிக்குள் நுழைந்தால், பொதுப் பெட்டியும் பக்கத்தில் தோன்றும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரை அடித்துவிட்டால் தீர்ந்தது. கூகிளின் ஜிமெயிலிலும், தனி மனிதர் பெட்டியாயினும், பத்துப் பேர் வரை பிரதிநிதிகளாகச் சேர்க்கலாம். அவர்கள் படிக்கலாம், பதில் எழுதலாம். கடவுச்சொல்லை மாற்ற முடியாது. நம் தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரிப் பக்கம் போனால் ஜோஹோ கம்பெனியின் வளாகம் இருக்கிறது. பலர் கூடிக் கவனிக்கும் பெட்டிக்கென்றே 'டீம்இன்பாக்ஸ்' என்று ஒரு சரக்கை அவர்கள் செய்து உலகெங்கும் விற்கிறார்கள். வந்த கடிதத்தை இன்னாருக்கென்று பெயர் குறித்து ஒதுக்கிவிட அதில் இடமுண்டு. மத்திய சர்க்காரின் மின்னஞ்சலே இப்பொழுது அந்தக் கம்பெனியின் ஏற்பாட்டில் நடக்கிறது. தன் பதிவேடு திரும்பி வந்துவிட்டது பாருங்கள்! கச்சேரிக் குமாஸ்தாவின் நீள நோட்டுப் புத்தகம் மறுபிறவி எடுத்திருக்கிறது.

இதில் இரண்டு இடறுகற்கள் உண்டு. மைக்ரோசாப்ட் பகிர்வுப் பெட்டியிலிருந்து "அப்பெட்டியாகவே" அனுப்பும் உரிமை வேறு. "அப்பெட்டியின் சார்பில் இன்னார்" என்று அனுப்பும் உரிமை வேறு. பின்னதைக் கொடுத்தால் வாங்குபவருக்கும் எழுதியவர் பெயர் தெரியும். இதுவே எனக்கு உசிதமாகப் படுகிறது. இரண்டாவது, அனுப்பிய கடிதத்தின் நகல் பொதுப் பெட்டியில் தங்காமல் அனுப்பியவருடைய சொந்தப் பெட்டியில் போய்ச் சேர்வது. அமைப்பை ஒருமுறை மாற்றி வைக்காவிட்டால், ஒருவர் பதில் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல், ஒரே வாடிக்கைக்காரருக்கு இரண்டு விலை சொல்ல நேரும். இதை யந்திரம் தெரிந்த பிள்ளை ஐந்து நிமிஷத்தில் செய்துவிடுவான்.

யந்திரம் எவ்வளவு செய்தாலும் நீர்க்கட்டி வேண்டும். அன்றன்றைக்கு ஒருவர் முறை வைத்துக்கொண்டு, காலையில் பெட்டியைத் திறந்து, இது கணக்குக்கு, இது சரக்குக்கு, இது முதலாளிக்கு என்று பிரித்துவிட வேண்டும். அவருடைய முறையில் தவறிய கடிதத்துக்கு அவரே பொறுப்பு. 2015 பிப்ரவரியில் இந்திய சர்க்கார் வெளியிட்ட மின்னஞ்சற் கொள்கையிலும் பதவியின் பெயரால் அமையும் முகவரி, ஆளின் பெயரால் அமையும் முகவரி என்ற பாகுபாடு உண்டு. பதவி ஆசனம் போன்றது. ஆள் மாறினாலும் ஆசனம் நகராது. கடவுச்சொல்லைப் பிறருக்குக் கொடுக்கலாகாதென்பதும் அங்கே விதியே.

"நமக்குள்ளே சாவியெதற்கு? நம்பிக்கையில்லையா?" என்று சிலர் கேட்கிறார்கள். அதுவும் அண்ணன் தம்பியும் மைத்துனனும் கூடி நடத்தும் கடைகளில் இக்கேள்வி சுருக்கென்று தைக்கும். சர்க்கார் கஜானாவில் இரட்டைப் பூட்டுப் போடுகிறார்கள். ஒரு சாவி ஓர் அதிகாரியிடம், மற்றொன்று இன்னோர் அதிகாரியிடம். இருவரும் கள்வர் என்று கருதியா அவ்வாறு செய்கிறார்கள்? பணம் குறைந்தால், குறைக்காதவன் தலை நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றுதான். என் கதையில் வந்த பெண்ணுக்குத் தனிச் சாவி ஒன்று இருந்திருந்தால் அதுவே அவளுக்குச் சாட்சி சொல்லியிருக்கும்.

மற்றொரு சங்கடமும் உண்டு. இக்காலத்தில் புதிய யந்திரத்தில் பெட்டியைத் திறந்தால் கைப்பேசிக்கு ஓ.டி.பி. எண் வருகிறது. ஐவருக்கு ஒரு பெட்டி. எண் வருவதோ ஒரு கைப்பேசிக்கு. அவர் திருப்பதி மலையேறிக் கொண்டிருந்தால் காரியாலயமே அவருக்காகக் காத்திருக்கும். சிரமம் பொறுக்காமல் அந்தக் காவலையே எடுத்துவிடுவோரும் உளர். கள்வனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இது நிற்க. மானத்தைச் சேர்ந்த விஷயம் என்று முதலில் சொன்னேனல்லவா? அதற்கு வருகிறேன். ஊரார் பெட்டிகளைப் பற்றி இவ்வளவு பேசியவன் நம் சங்கத்தின் பெட்டியைப் பற்றிப் பேசாமல் உட்காருவது முறையன்று. அக்கிராசனர் அவர்கள் க்ஷமிக்க வேண்டும்.

நம் சங்கத்துக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது. நம் மாத இதழின் பின்னட்டையில் அச்சாகிறது. அதற்கு என்னென்ன வருகின்றன? வரன் தேடும் பெற்றோர் பெண்ணின் புகைப்படம், ஜாதகம், சம்பளம், கைப்பேசி எண் முதலியவற்றை அனுப்புகிறார்கள். கல்வி உதவி கேட்கும் பிள்ளைகள் மதிப்பெண் பட்டியலையும், ஆதார் நகலையும், வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கத்தையும் அனுப்புகிறார்கள். கணவனை இழந்த சகோதரிகள் தம் கஷ்டங்களை எழுதி உதவி கேட்கிறார்கள்; அக்கடிதங்களை நான் படித்திருக்கிறேன்; மனம் கலங்கும். இவையெல்லாம் நம்மை நம்பி வருபவை. 2023-ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டு, 2025 நவம்பரில் அதன் விதிகளும் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. படிப்படியாக அமுலுக்கு வருகின்றன. ஆனால் சட்டத்துக்கு அஞ்சியா நாம் நம் பெண்களின் படத்தைக் காக்க வேண்டும்?

இரண்டு வருஷத்துக்கு முன் நம் அங்கத்தினர் ஒருவருடைய குமாரத்தியின் படமும் எண்ணும் சங்கத்துக்கு அனுப்பிய அதே வடிவில் எங்கோ ஒரு வாட்ஸப் கூட்டத்தில் உலவின. முன்பின் தெரியாதவர்கள் இரவு வேளையில் அப்பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் எண்ணை மாற்றினாள். தகப்பனார் நம்மிடம் வந்து கேட்டார். நிர்வாகக் கமிட்டி கூடிற்று, பேசிற்று, கலைந்தது. பெட்டியின் கடவுச்சொல் அப்பொழுது எத்தனை பேருக்குத் தெரியும் என்று எண்ணிப் பார்த்தோம். ஏழு என்றார் ஒருவர். ஒன்பது என்றார் மற்றொருவர். யார் அனுப்பினார் என்பது இன்றுவரை தெரியாது. அக்குடும்பத்தார் அதன்பின் கூட்டங்களுக்கு வருவதில்லை. இன்றும் வரவில்லை. அந்த இரண்டு நாற்காலிகளை நான் ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன்.

என் யோசனை இது. கல்யாண விவரங்களுக்கு ஒரு பெட்டி, கல்வி உதவிக்கு ஒரு பெட்டி, பொதுக் காரியங்களுக்கு ஒரு பெட்டி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். கல்யாணப் பெட்டியை இரண்டு தாய்மார்கள் மாத்திரம், அவரவர் தனிச் சாவியால் திறக்கட்டும். கல்யாணம் நிச்சயமானதும் அந்த விவரங்களை அழித்துவிட வேண்டும். நிர்வாகம் மாறும் வருஷாந்தரக் கூட்டத்தில், கணக்குப் புத்தகத்தை ஒப்படைக்கும் அதே நாளில் பழைய நிர்வாகிகளின் அனுமதியும் நீக்கப்பட வேண்டும். அது நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். ஓ.டி.பி. எண் இப்பொழுது குவைத்தில் இருக்கும் முந்திய காரியதரிசியின் குமாரருக்குப் போகிறது. அவர் நல்ல பிள்ளை, கேட்டவுடன் சொல்லுகிறார். ஆயினும் சங்கத்தின் வாசற்கதவை அங்கிருந்து அவர் திறந்துவிட வேண்டியதில்லை.

நான் இச்சங்கத்தின் பொக்கிஷதாராக இருந்து விலகி மூன்று வருஷமாகிறது. இப்பிரசங்கத்துக்குக் குறிப்பெழுத உட்கார்ந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. நேற்றிரவு என் கைப்பேசியில் சங்கத்தின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். திறந்தது. மேலே இருந்தது மேடவாக்கத்திலிருந்து ஒரு தாயார் அனுப்பிய கடிதம். அதனோடு ஒரு பெண்ணின் படம். படிக்காமல் மூடிவிட்டேன் என்று சொல்லுகிறேன், நீங்களும் நம்புவீர்கள். அதை நிரூபிக்க இம்முறையும் எனக்கு வழியில்லை.

காரியதரிசி அவர்கள் நாளைக் காலையில் கடவுச்சொல்லை மாற்றிவிடும்படி வேண்டுகிறேன். புதியதை எனக்குச் சொல்ல வேண்டாம்.